மொட்டைத் தலைக்கும் சன்ஸ்கிரீனுக்கும் என்ன முடிச்சு?

வெயிலைப் பத்தித் திருத்தணிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். கோடை வந்தா பேப்பர்ல "சதம் அடித்த வெயில்"னு ஒரு பெட்டிச் செய்தி வரும் பாருங்க, வேலூர், கரூர் பரமத்தி, திருத்தணினு வரிசையா. அதுல எங்க ஊர் பேரு இல்லாத கோடை எனக்கு ஞாபகமே இல்லை. சின்ன வயசுல, வேலூரை விட ஒரு டிகிரி ஜாஸ்தி வந்துட்டா எங்களுக்கெல்லாம் ஒரு அல்ப சந்தோஷம் கூட உண்டு. என்னவோ நாங்க கஷ்டப்பட்டு உழைச்சு வாங்கின மார்க்கு மாதிரி.

அப்படிப்பட்ட வீரபரம்பரையில வந்தவன் வீட்டுல, தங்கமணி ஒரு நாள் மெடிக்கல் ஷாப்புலேர்ந்து ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப்போட வந்து இறங்கினாங்க. விலையைப் பார்த்தேன். அஞ்சு நூறு ரூபாய்க்கு ரெண்டு ரூபா கம்மி. "இதைப் போட்டா என்ன, நீ ஐஸ்வர்யா ராயா ஆயிடுவியா?"னு கேட்டேன். அன்னைக்கு ராத்திரி ரசத்துல உப்பு இல்லை. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கானு நான் ஆராய்ச்சி பண்ணலை. :-)

சரி, மேட்டருக்கு வரேன்.

போன ஆடிக் கிருத்திகைக்குப் பையனுக்கு மொட்டை. ஆறு வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி அவன் காய்ச்சல்ல படுத்தப்போ அம்மா நேர்ந்துக்கிட்டது. ஆடிக் கிருத்திகைனா எங்க ஊர் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு: மலை முழுக்க மஞ்சத் துணி, பூக்காவடி, அரோகரா சத்தம். பாதி கூட்டம் நகரி, புத்தூர்னு ஆந்திராப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கும். அடிவாரத்துல சரவணப் பொய்கையில தெப்பம். தமிழும் தெலுங்கும் கலந்து கடைக்காரர் விலை சொல்ல, நாம பாதி புரிஞ்சு பாதி புரியாம வாங்கிட்டு வரணும்.

அன்னைக்கு வானம் லேசா மூடாப்பு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்வாங்களே, அந்தக் காத்து. சுகமா இருந்தது. மொட்டை அடிச்சு, குளிப்பாட்டி, தலை நிறைய சந்தனம் பூசி, தரிசனம் முடிக்கறதுக்கே மணி பதினொண்ணரை. "ஆட்டோல போயிடலாம்"னு தங்கமணி சொன்னாங்க. "வேண்டுதல்னா படியில இறங்கணும்"னு நான் சொன்னேன். வருஷத்துக்கு 365 நாள், மலைக்கு 365 படினு பையனுக்கு எண்ணிக் காட்டணும்னு எனக்கு ஆசை. தொப்பி போட்டா சந்தனம் ஒட்டிக்கும்னு தொப்பியும் இல்லை. "சந்தனம் இருக்கே, குளிர்ச்சி, வெயில் என்ன பண்ணிடும்"னு அதுக்கும் ஒரு விளக்கம் நானே சொன்னேன். நடுநடுவுல உக்காந்து, மோர் குடிச்சு, குரங்குக்கு வேடிக்கை காட்டி, கீழ வந்து சேர ஒண்ணரை மணி நேரம் ஆச்சு.

ராத்திரி பையன் தலகாணியில தலை வைக்க முடியாம அழுதான். சந்தனத்தைக் கழுவிப் பார்த்தா மண்டை முழுக்கச் சிவப்பு, தொட்டா சூடு. மூணாம் நாள் வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிய ஆரம்பிச்சது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. தங்கமணி பார்க்கவே இல்லை. அதுதான் பயமா இருந்தது.

தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். "சன்பர்ன்"னு சொன்னார். எனக்கு நம்ப முடியலை. சன்பர்ன் எல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்றதுனுதானே நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம்? பையன் என்னை மாதிரி நல்ல கருப்பு வேற. அதுவும் மூடாப்பு போட்ட ஆடி மாசத்துல!

டாக்டர் பொறுமையா சொன்னார். "சார், உங்களுக்குத் தெரியறது சூடு. தோலைச் சுடறது அது இல்லை, புற ஊதாக் கதிர். அது வெளிச்சமாத் தெரியாது, சூடாவும் தெரியாது. காத்தடிச்சா சூடு குறையும், கதிர் குறையாது. லேசான மேகம்னா முக்கால்வாசிக்கு மேல கூட உள்ள வந்துடும். அதுவும் முடிக்குள்ளயே இருந்த தோல், வெயிலையே பார்த்ததில்லை. முகத்துத் தோல் மாதிரி அதுக்குப் பழக்கம் கிடையாது."

வீட்டுக்கு வந்து உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க, நான் படியில இறங்கின முட்டாள்தனத்தோட முழு அளவு புரிஞ்சது. திருத்தணி கிட்டத்தட்ட 13 டிகிரி வட அட்சத்துல இருக்கு. அதனால வருஷத்துல ரெண்டு நாள், ஏப்ரல் கடைசி வாரத்துல ஒண்ணு, ஆகஸ்ட் நடுவுல ஒண்ணு, மத்தியானம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டு வெச்ச குச்சிக்கு நிழலே விழாது. நடுவுல இருக்கற நாலு மாசமும் மத்தியானச் சூரியன் உச்சியிலேர்ந்து 10 டிகிரி சொச்சத்துக்கு மேல விலகறதே இல்லை. ஆடிக் கிருத்திகை எப்பவும் ஜூலை நடுவுலேர்ந்து ஆகஸ்ட் நடுவுக்குள்ளதான் வருது. அதாவது, கத்திரி முடிஞ்சது, வெயில் குறைஞ்சதுனு நாம நினைக்கற நேரத்துல, மொட்டைத் தலைக்கு நேர் மேல சூரியன். புற ஊதாக் குறியீடுனு ஒண்ணு இருக்கு. 11-க்கு மேல போனா மிகக் கடுமைனு அர்த்தம். நம்ம பக்கத்துல தெளிவான மத்தியானத்துல அது சாதாரணமாத் தாண்டும். கருவி எதுவும் வேணாம், ஒரு சுலபமான கணக்கு இருக்கு: உங்க நிழல் உங்களை விடக் குட்டையா இருந்தா ஒதுங்குங்க.

சந்தனம்? குளிர்ச்சி நிஜம். ஆனா கதிரைத் தடுக்கும்னு நம்பி வெயில்ல நிக்கற சரக்கு அது இல்லை.

இந்த சன்ஸ்கிரீனோட பூர்வீகமே ஒரு வெள்ளைத் தோல் கதைதான். ஆஸ்திரியாக்காரர் ஃப்ரான்ஸ் க்ரைட்டர், 1938-ல் ஆல்ப்ஸ்ல பிட்ஸ் புயின்ங்கற பனிமலையில ஏறினப்போ வெந்து போனாராம். அதுக்கு அப்புறம் 1946-ல் ஒரு க்ரீம் கொண்டு வந்தார். எஸ்.பி.எஃப். கணக்கைப் பிரபலமாக்கினதும் அவர்தான். வெந்து சிவக்கறவங்களுக்காக வெந்து சிவந்தவர் கண்டுபிடிச்சது. எஸ்.பி.எஃப். அளக்கறதும் தோல் சிவக்கறதை வெச்சுதான். 15 போட்ட க்ரீம் சிவக்க வைக்கற கதிர்ல 93 சதவீதம் தடுக்கும், 30 போட்டது 97, 50 போட்டது 98. 30-க்கும் 50-க்கும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம், விலையில அப்படி இல்லை.

தோலை வகை பிரிச்சதும் அப்படித்தான். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்த பட்டியல்ல முதல்ல நாலே வகைதான். கேள்வி என்னன்னா, "வெயில்ல நின்னா சிவக்குமா, கருக்குமா?" அதுக்கு அப்புறம்தான் அஞ்சாவது, ஆறாவதுனு பழுப்பையும் கருப்பையும் சேர்த்தாங்க. நம்மள்ள பெரும்பாலானவங்க நாலு, அஞ்சு, ஆறு. அதாவது பட்டியலோட பின் பெஞ்ச்.

நமக்கு இயற்கையே கொஞ்சம் பூசித்தான் அனுப்பியிருக்கு. 1979-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, கருப்புத் தோலோட மேல்படலம் தானாவே கிட்டத்தட்ட 13 எஸ்.பி.எஃப். அளவுக்குத் தடுக்குது, வெள்ளைத் தோல் மூணு சொச்சம்தான்னு அளந்திருக்காங்க. அதனால தோல் புற்றுநோய் நம்மள்ள ரொம்பவே குறைச்சல். வெளிநாட்டுல அந்தப் பயத்தைக் காட்டி எழுதின அறிவுரையை அப்படியே இங்க கொண்டு வந்து ஒட்டறதுல அர்த்தம் இல்லை. ஆனா 13-ங்கறது கவசம் இல்லை, பனியன். மொட்டைத் தலைக்கு அந்தப் பனியனும் மெலிசு.

இன்னொரு பக்கம் பாருங்க. ஃபிட்ஸ்பாட்ரிக் பட்டியல் வந்த அதே 1975-லதான் ஃபேர் அண்ட் லவ்லியும் நம்ம நாட்டுக் கடைக்கு வந்தது. 2020-ல் பேரை க்ளோ அண்ட் லவ்லினு மாத்தினாங்க. இந்த நாப்பத்தஞ்சு வருஷத்துல முகத்துக்குப் போடற எந்த க்ரீமா இருந்தாலும் அது வெள்ளையாகறதுக்குத்தான்னு நம்ம மண்டையில ஏறிடுச்சு. சன்ஸ்கிரீனும் அந்த அலமாரியிலேயே உக்காந்துக்கிச்சு. அதனாலதான் தங்கமணியைப் பார்த்து நான் ஐஸ்வர்யா ராய் ஜோக் அடிச்சேன். அவங்க வாங்கினது எதுக்குனு நான் கேட்கவே இல்லை.

அது மங்குக்கு. பையன் வயித்துல இருந்தப்போ ரெண்டு கன்னத்துலயும் வந்த பழுப்புத் திட்டு. பிரசவத்துக்கு அப்புறமும் போகலை. மங்குக்கு வெயில்தான் எண்ணெய், கொஞ்சம் விட்டா பிடிச்சுக்கும். எனக்குப் புதுசாத் தெரிஞ்சது என்னன்னா, மங்குக்குக் கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே போதுமாம். அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் போட்ட சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். தங்கமணி வாங்கினது வெறும் வெள்ளை ட்யூப். ஆறு மாசமாப் போட்டும் திட்டு குறையலைனு அவங்க கவலைப்பட்டிருக்காங்க, எனக்குத் தெரியாது. ரசத்துல உப்பு இல்லாததுதான் எனக்குத் தெரிஞ்சது.

இப்போ ஞானோதயம் வந்தாச்சு இல்லையா, நானும் கடைக்குப் போய் ஒண்ணு வாங்கினேன். "குழந்தைக்கும் பெரியவங்களுக்கும்"னு சிங்க் ஆக்சைடு போட்டது. பூசிக்கிட்டு கண்ணாடியில பார்த்தா, திருநீறு பூசிக்கிட்ட மாதிரி சாம்பல் நிறத்துல நிக்கறேன். முருகா! ரயில்ல பக்கத்து சீட்டுக்காரர் பக்தியா ஒரு பார்வை பார்த்தார். அரை மணி நேரத்துல வேர்த்து வழிஞ்சு கண்ணுல இறங்கி எரிச்சல். ட்யூப்பைத் தூக்கிப் பரண்ல போட்டேன்.

அப்போதான் அம்மா சொன்னாங்க. "ஏன் நைனா, கண்டதை வாங்கி காசைக் கரியாக்கற? உங்க அக்காவைப் போய்க் கேளு. அவளுக்குத் தெரியாததா?"

அக்கான்னா பெரியப்பா பொண்ணு. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

அக்காவுக்குப் பத்து, பதினோரு வயசுல உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அப்புறம் விரல் நுனி, முழங்கை, கழுத்துனு பரவிச்சு. ஊருக்குள்ள அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க, குஷ்டத்தை ஒட்டு வெச்சு. அந்தப் பேரு தப்புனு முதல்ல சொல்லிடறேன். வெண்புள்ளிக்கும் குஷ்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒட்டாது, தொத்தாது. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நிறம் தர்ற செல்லைத் தப்பா எதிரினு நினைச்சு அழிச்சுடுது, அவ்வளவுதான். ஆனா இதெல்லாம் அன்னைக்கு யாருக்குத் தெரியும்? யாரோ சொன்னாங்கன்னு பெரியம்மா ஒரு நாட்டு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவர் கார்போக அரிசி எண்ணெய் கொடுத்து, தடவிக்கிட்டு வெயில்ல நிக்கச் சொன்னார்.

எனக்கு அப்போ ஏழு வயசு. மொட்டை மாடியில அக்கா கையை நீட்டிக்கிட்டு நிக்கறது ஞாபகம் இருக்கு. எவ்வளவு நேரம்னு யாரும் சொல்லலை. சீக்கிரம் குணமாகட்டும்னு ரொம்ப நேரம் நிக்க வெச்சாங்க. ரெண்டு நாள்ல கை முழுக்கக் கொப்புளம். நான் கொப்புளத்தை எண்ணிக்கிட்டு இருந்தேன். ஏழு வயசுப் பையனுக்கு அது ஒரு விளையாட்டு. அக்கா அழாம என்னை எண்ண விட்டா.

இப்போ படிக்கறப்போ புரியுது. கார்போக அரிசியில சோராலென்னு ஒரு பொருள் இருக்கு. அது தோல்ல இருக்கறப்போ வெயில் பட்டா பல மடங்கு சுடும். அதையே அளந்து, மருந்து மில்லிகிராம் கணக்குல, வெளிச்சம் நிமிஷக் கணக்குல கொடுத்தா அது வைத்தியம். ஆஸ்பத்திரிகள்ல புவானு ஒரு சிகிச்சையாவே இருக்கு. இப்போ அதை விடக் குறுகிய அலைவரிசை யுவிபி விளக்கு சிகிச்சைதான் அதிகம். அளவு தெரியாம மாடியில நிக்க வெச்சா அது சூடு வைக்கறது. வெந்த இடத்துல புதுசாப் புள்ளி வரவும் வாய்ப்பு இருக்குங்கறது அதைவிடக் கொடுமை. அக்காவுக்கு வந்தது.

அதுக்கு அப்புறம் அக்கா பகல்ல வெளிய வர்றதையே குறைச்சுக்கிட்டா. முழுக்கை ரவிக்கை, குடை. "ராணி மாதிரி குடை பிடிச்சுக்கிட்டு போறா பாரு"னு நாங்களே கிண்டல் பண்ணியிருக்கோம். ஆடிக் கிருத்திகைக்கு வர மாட்டா. ஆனா டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குத் தவறாம வருவா. தெரியும் இல்லையா, படிக்கு ஒரு திருப்புகழ்னு பாடிக்கிட்டே பஜனைக் கோஷ்டிங்க ஏறுவாங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு சாமிக்கு விசேஷ பூஜை. வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பிச்சு வெச்ச வழக்கம். அக்காவுக்குத் திருப்புகழ் மேல அவ்வளவு பக்தினு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பக்தியும் இருக்கும். ஆனா அது ராத்திரி நடக்கற திருவிழாங்கறது எனக்கு இந்த வருஷம்தான் உறைச்சது.

அக்கா வீட்டுலேயே தையல் போடறா. போனேன். விஷயத்தைச் சொன்னேன். பையன் மொட்டைக் கதையைக் கேட்டு முதல்ல திட்டினா. அப்புறம் தையல் மிஷின் டிராயரை இழுத்தா. நூல்கண்டு, பாபின், இஞ்ச் டேப்புக்கு நடுவுல ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப். அதோட வால் பக்கத்தைக் கத்தரிக்கோலால வெட்டி, உள்ள ஒட்டியிருக்கறதை வழிச்சு எடுத்து, மறுபடியும் க்ளிப் போட்டு வெச்சிருந்தா.

"எத்தனை வருஷமாக்கா?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு. எழும்பூர் ஸ்டேஷன்ல ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன், என் கையைப் பார்த்துட்டு அவங்களே வந்து பேசினாங்க. அவங்க சொன்னது."

பன்னெண்டு வருஷம். எங்க யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கலை.

அப்புறம் எனக்கு பாடம் நடந்தது. அவ சொன்னதை அப்படியே எழுதறேன், அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டு சரிபார்த்துக்கிட்டேன்.

முதல்ல அளவு. "நீ எவ்வளவு பூசின? பட்டாணி சைஸா? அதெல்லாம் சும்மா." ஆள்காட்டி விரல், நடுவிரல், ரெண்டு மேலயும் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் கோடு போட்டா எவ்வளவோ, அது முகத்துக்கும் கழுத்துக்கும். சோதனைச் சாலையில எஸ்.பி.எஃப். அளக்கறது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்குல. நாம பூசறது பெரும்பாலும் அதுல பாதி, கால்வாசி. டப்பாவுல 50-னு எழுதியிருந்தாலும் நம்ம முகத்துல அது இருக்காது. வெளிய கிளம்பறதுக்குக் கால் மணி முன்னாடி பூசணும். வேர்த்தாலோ, துடைச்சாலோ, ரெண்டு மணி நேரம் ஆனாலோ மறுபடியும்.

ரெண்டாவது, டப்பாவுல எதைப் பார்க்கணும். எஸ்.பி.எஃப். 30 போதும், அவளுக்கு 50. அதோட பி.ஏ.னு போட்டு பக்கத்துல கூட்டல் குறி இருக்கும், மூணாவது இருக்கணும். எஸ்.பி.எஃப். சொல்றது சிவக்க வைக்கற யுவிபிக்கு. பூமிக்கு வர்ற புற ஊதாவுல பெரும்பங்கு யுவிஏ. அது கருக்க வைக்கும், பஸ் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். அதுக்குத்தான் கூட்டல் குறி.

மூணாவது, யாருக்கு எது. என்னை மாதிரி எண்ணெய் வடியற, வேர்க்கற கருப்பு மூஞ்சிக்கு ஜெல். வெள்ளையாத் தெரியாது, பருவும் வராது. அம்மா மாதிரி வறண்ட தோலுக்கு க்ரீம். தங்கமணி மாதிரி மங்கு இருக்கறவங்களுக்கு நம்ம நிறத்துக்குப் பக்கத்துல இருக்கற, நிறம் போட்டது. குழந்தைக்கும், எதைப் போட்டாலும் எரியற தோலுக்கும் சிங்க் ஆக்சைடு, வெள்ளையாத் தெரிஞ்சா தெரியட்டும். ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கற கைக்குழந்தைக்கு எதுவும் வேணாம், நிழல்தான். பரண்ல நான் தூக்கிப் போட்டது பையனுக்குச் சரியான ட்யூப்பு, எனக்குத்தான் தப்பு.

"அப்போ உனக்கு?"னு கேட்டேன்.

"எனக்கு நிறம் இல்லாத இடத்துல பத்து நிமிஷத்துலயே எரிய ஆரம்பிச்சுடும்டா. சுத்தி இருக்கற தோல் வேற வெயில்ல கருத்துப் போனா, புள்ளி இன்னும் பளிச்சுனு தெரியும். ரெண்டு பக்கமும் பூசணும்." கொஞ்ச நேரம் பேசாம ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் தலையைத் தூக்காமலேயே சொன்னா, "உங்களுக்கெல்லாம் அது க்ரீம். எனக்கு அது சட்டை."

ஆனா அந்தச் சட்டை என்ன விலை? கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு விரல் அளவுனா ஒரு தடவைக்கு ஒண்ணரை கிராம் கிட்ட. ரெண்டு வேளை போட்டா 50 கிராம் ட்யூப்பு ரெண்டரை வாரம். இதுல கை சேரலை. அதனாலதான் அக்கா கையை முழுக்கை ரவிக்கைக்கும் குடைக்கும் விட்டுட்டு, முகம், கழுத்து, விரல்னு மறைக்க முடியாத இடத்துக்கு மட்டும் ட்யூப்பைச் சேர்த்து வெச்சுப் பூசறா. ராணி குடை பிடிக்கலை, கணக்கு பார்த்திருக்கா. நம்ம நாட்டுல சன்ஸ்கிரீன் சட்டப்படி அழகுசாதனப் பொருள். மங்குக்காரங்களுக்கும் வெண்புள்ளிக்காரங்களுக்கும், பிறவியிலேயே நிறம் இல்லாதவங்களுக்கும் அது அழகு இல்லை. பிறவியிலேயே நிறம் இல்லாதவங்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் நிஜமாவே இருக்கு. இதை எந்த அலமாரியில வைக்கறதுனு யோசிக்க வேண்டியவங்க யோசிக்கட்டும்.

எனக்கு என்ன வேணும்னு கேட்டா, நேர்மையாச் சொல்றேன், காலையில ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம் நடக்கறதுக்கு ஒரு குடை போதும். எல்லாரும் அஞ்சு நூறு ரூபாய் செலவு பண்ணுங்கனு நான் சொல்ல வரலை. குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை, பதினொண்ணுலேர்ந்து மூணு மணி வரைக்கும் நிழல். இதுதான் முதல் சன்ஸ்கிரீன், நம்ம தாத்தா துண்டைத் தலையில போட்டுக்கிட்டது அதுக்குத்தான். இதையும் மீறி வெயில் படற இடத்துக்கும், வெயிலைத் தாங்க முடியாத தோலுக்கும்தான் ட்யூப்பு.

போன மாசக் கிருத்திகைக்கு நாங்க மலைக்குப் போனோம். காலையில ஏழு மணிக்கு, படி வழியா. அக்காவும் வந்தா. எங்க அம்மாதான் கூப்பிட்டாங்க, நான் கூப்பிட்டிருக்க வேண்டியது. பையன் தலையில முடி வளர்ந்திருந்தாலும் தொப்பி. தங்கமணி கன்னத்துல புது ட்யூப்பு, நிறம் போட்டது. திட்டு மறையலை, ஆனா மேல மேல கருக்கலைனு சொல்றாங்க. என் பாக்கெட்ல ஜெல், தங்கமணியோட உத்தரவு.

நூறு படி ஏறினதும் ஒரு குடும்பம் உக்காந்து இளைப்பாறிக்கிட்டு இருந்தது. நாங்களும் பக்கத்துல உக்காந்தோம். அவங்க குழந்தை அக்கா கையைத் தொடப் போச்சு. அந்தம்மா சட்டுனு குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல இது புதுசு இல்லை. எனக்குத்தான் புதுசு, இத்தனை வருஷமா அக்கா பக்கத்துல உக்காந்து நான் பகல்ல இந்தப் படி ஏறினதே இல்லையே. என்ன சொல்றதுனு தெரியாம முழிச்சேன்.

பையன் அந்தக் குழந்தைகிட்ட சொன்னான், "அது ஒட்டாது. அத்தைக்கு அங்க கலர் இல்லை, அதான் க்ரீம். எனக்கும் மொட்டைக்கு அப்புறம் தலை எரிஞ்சுச்சு தெரியுமா, தோல்லாம் உரிஞ்சுச்சு!"

அந்தம்மா எதுவும் சொல்லலை. குழந்தையை மறுபடியும் இழுக்கவும் இல்லை. அக்கா குடையை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சா, அந்தக் குழந்தைக்கும் நிழல் விழற மாதிரி.

எட்டரைக்கெல்லாம் தரிசனம் முடிஞ்சது. இறங்கறப்போ நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி தங்கமணி சொன்னாங்க, "ஆட்டோ."

நான் ஒண்ணும் பேசலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வெண்புள்ளியோ மங்கோ இருந்தா நேரா ஒரு தோல் மருத்துவரைப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சொன்ன க்ரீமையோ, எண்ணெய் தடவிக்கிட்டு மாடியில நிக்கறதையோ முயற்சி பண்ணாதீங்க. முக்கியமா, வீட்டுல யாராவது ட்யூப்போட வந்தா ஜோக் அடிக்கறதுக்கு முன்னாடி எதுக்குனு ஒரு வார்த்தை கேளுங்க. ரசத்துக்கும் நல்லது.